மூளைக்கட்டியும் பிட்ஸ் மாத்திரையும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கோரிப்பாளையம் பக்கம், பெரியாஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கூப்பிடு தூரத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலா பக்கமிருந்தும் தலையில் கட்டி என்று வைத்தியத்துக்கு வருகிறவர்கள் சீட்டோடு கடைக்கு வருவார்கள். கீமோ மாத்திரையைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். கேள்வியெல்லாம் பிட்ஸ் மாத்திரை, அதாவது வலிப்பு வராமல் தடுக்கும் மாத்திரை மேல்தான். வீட்டில் முதலில் விட்டுப்போகிற மாத்திரையும் அதுதான்.

நான் டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கிற நரம்பியல் டாக்டரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஓபியில் கிடைக்கிற சில நிமிடங்கள் வீணாகாது. அதற்காகத்தான் இது.

கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாச்சு. இனிமேல் எதற்கு பிட்ஸ் மாத்திரை?

வலிப்பு கட்டியிலிருந்து கிளம்புவது குறைவு. கட்டியைச் சுற்றியிருக்கிற மூளைப் பகுதியிலிருந்துதான் பெரும்பாலும் கிளம்புகிறது. கட்டி அழுத்திய இடம், நீர் கோத்து வீங்கிய இடம், ஆபரேஷன் தழும்பு எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. மூளைத் திசுவிலிருந்தே வளரும் கிளையோமா வகைக் கட்டி என்றால், சர்ஜன் கண்ணுக்குத் தெரிந்ததை முழுக்க எடுத்தாலும் அதன் செல்கள் அக்கம்பக்கத்தில் பரவித்தான் இருக்கும்.

எந்தக் கட்டி என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். மெதுவாக வளரும் கிளையோமாக்களில்தான் வலிப்பு அதிகம்: 10 பேரில் 6 முதல் 8 பேருக்கு. வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமாவில் ஏறக்குறைய 3 முதல் 5 பேர். மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவில் சுமார் 3 பேர். 'சாதுவான கட்டிதான், பயப்பட வேண்டாம்' என்று சொல்லி அனுப்பியவருக்கு வலிப்பு விடாமல் வருவதைப் பார்த்து வீட்டில் குழம்பிப் போவார்கள். கட்டி எவ்வளவு மோசம் என்பதும் வலிப்பு எவ்வளவு வரும் என்பதும் வெவ்வேறு விஷயம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு அடியோடு நின்றுபோகிறவர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு மாத்திரையை நிறுத்தலாமா என்பது நியாயமான கேள்வி. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இதுவரை ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக் கொடுத்தார்கள். காலம் முழுக்கப் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. வலிப்பே வராத மூளைக்கட்டி நோயாளிக்கு முன்னெச்சரிக்கையாக இந்த மாத்திரைகளை நீண்ட காலம் கொடுப்பதில் பலன் இல்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000லேயே சொன்னது. ஆபரேஷன் சமயத்தில் கொடுத்தாலும் முதல் வாரத்துக்குப் பிறகு குறைத்து நிறுத்தலாம் என்பது அதன் பரிந்துரை. 2021ல் வந்த வழிகாட்டுதலும் நீண்ட கால முன்னெச்சரிக்கை வேண்டாம் என்கிறது.

ஆனால் நடப்பது வேறு. ஆபரேஷன் செய்த இடம் ஒன்று, ரேடியேஷன் கொடுத்த இடம் இன்னொன்று, மாதாமாதம் சீட்டு எழுதுகிறவர் மூன்றாமவர். போன சீட்டில் இருந்தது இந்தச் சீட்டிலும் ஏறிவிடுகிறது. வருஷக்கணக்காக இப்படி ஓடுகிற சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். 'எனக்கு வலிப்பு வந்ததே இல்லை. இது எதற்கு, எதுவரைக்கும்?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபப்பட மாட்டார். நீங்களாக நிறுத்திவிட்டு வந்து சொன்னால்தான் கோபப்படுவார்.

'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்க' என்று டிஸ்சார்ஜ் அன்று சொன்னார்கள். எதை?

மற்ற எல்லாக் கேள்வியையும்விட இது எனக்கு முக்கியம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் குறைத்து நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரையை, அதாவது டெக்ஸாமெத்தசோனை. மூளை வீக்கம் வடிவதற்காக அதைக் கொடுப்பார்கள். வீக்கம் வடிய வடிய, 1-1-1 என்பது 1-0-1 ஆகி, 1-0-0 ஆகி, அப்புறம் நிற்கும். பிட்ஸ் மாத்திரை அதே சீட்டில் அடுத்த வரியிலேயே இருக்கும். அதற்கு நேரே 'தொடரவும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். காதில் விழுந்தது 'குறைத்து நிறுத்துங்க' மட்டும்தான்.

உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர், மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் கவுண்டரில் பரப்பினார். "தம்பி, ரெண்டையும் நிப்பாட்டிட்டோம். இப்ப அவருக்கு வலது கை மட்டும் தானா வெட்டி வெட்டி இழுக்குது. எதை மறுபடி குடுக்கணும்?" அட்டைகளைப் புரட்டினேன். இரண்டும் வெட்டிக் கொடுத்தவை. பெயர் அச்சடித்த பாதி எந்தக் கடையிலோ தங்கிவிட்டது. கையில் இருந்தது வெறும் வெள்ளி நிறத் தாள். நாங்கள் கடைக்காரர்கள் அவசரத்தில் செய்கிற காரியம் இது. கை இழுப்பதும் வலிப்புதான். மாத்திரை எதுவும் கொடுக்காமல் கையோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன்.

அதனால் ஒன்று செய்யுங்கள். முழு அட்டையாக வாங்க முடியாவிட்டாலும், பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பாதியைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டையின் மேல் பேனாவால் தமிழில் எழுதுங்கள்: 'பிட்ஸ்: நிறுத்தக் கூடாது', 'வீக்கம்: குறைக்கணும்'. ஸ்டீராய்டையும் பட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதிய படிகளில்தான் இறங்க வேண்டும்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று நினைவு திரும்பாமலே தொடரும் நிலைகூட வரலாம். அது உயிருக்கு ஆபத்து. நிறுத்த வேண்டிய மருந்தாகவே இருந்தாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டது. அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். ஞாபகம் வந்த உடனே போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் போடுங்கள்.

லெவெடிராசிட்டம் என்கிற பிட்ஸ் மருந்துதான் இப்போது மூளைக்கட்டிக்காரர்களுக்கு அதிகம் எழுதப்படுகிறது. லெவிபில், லெவெரா என்று பல பெயர்களில் வருகிறது. பெரியவர்கள் உடம்பில் 6 முதல் 8 மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். காலை 8 மணி, இரவு 8 மணி என்று இரண்டு வேளை சொல்வது இதனால்தான். காலை மாத்திரையைப் பதினோரு மணிக்கும் ராத்திரி மாத்திரையைத் தூக்கம் வந்தால் ஏழு மணிக்கும் போட்டால், மறுநாள் காலையில் மருந்தின் அளவு தரைதட்டிக் கிடக்கும். சாப்பாட்டுக்கு முன், பின் என்பதெல்லாம் இந்த மருந்துக்குப் பெரிய விஷயமில்லை. போனில் அலாரம் வையுங்கள்.

மாத்திரை போட்டதும் வாந்தி வந்துவிட்டால்? கீமோ நாட்களில் இது சகஜம். மாத்திரை முழுசாக வெளியே வந்தது கண்ணுக்குத் தெரிந்தால் திரும்பப் போடச் சொல்வார்கள். சந்தேகமாக இருந்தால் வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள். அடிக்கடி நடந்தால் வாந்தி மருந்தின் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்த மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்.

இதைப் பெரும்பாலும் மனைவிமார்கள்தான் கேட்பார்கள், அதுவும் கணவர் வண்டியை எடுக்கப் போன நேரம் பார்த்து, மெதுவான குரலில். அமைதியான மனுஷன், இப்போது சாம்பாரில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிடுகிறார். பிள்ளைகள் பக்கத்தில் போகவே பயப்படுகின்றன. கடைசியில் யாரோ ஒருவர், 'அந்த மாத்திரைதான் காரணம்' என்று தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம். லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சல், கோபம், மனச்சோர்வு எல்லாம் தரும். ஆனால் சந்தேகப்பட வேண்டிய ஆள் அது மட்டும் இல்லை. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்துக் கோபத்தைக் கிளப்பும். கட்டி நெற்றிப் பக்கத்து மூளையில் இருந்தால் அதுவே குணத்தை மாற்றும். வியாதியே மனுஷனை நோகடிக்கிறது என்பதும் உண்டு. எது காரணம் என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்குத் தேவை தேதி: மாத்திரை எப்போது ஆரம்பித்தது, அளவு எப்போது கூடியது, கோபம் எப்போது தொடங்கியது. ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்துப் போனாலே போதும்.

வழியும் இருக்கிறது. அளவைக் குறைக்கலாம். பிரிவாராசிட்டம், லாகோசமைடு மாதிரி வேறு மருந்துக்கு மாற்றலாம். சிலருக்கு வைட்டமின் பி6 சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. மாற்றும்போது பழையதை இறக்கிக்கொண்டே புதியதை ஏற்றுவார்கள். நடுவில் இடைவெளி விடக்கூடாது.

'செத்துப் போயிடலாம்னு இருக்கு' என்று வாயிலிருந்து வந்தால், அடுத்த ஓபி நாள்வரை காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம்.

எங்களுக்கு லெவெடிராசிட்டம் இல்லை, எப்டாயின் எழுதியிருக்கிறார்கள். பழைய மருந்தா?

பழையதுதான், வேலை செய்கிற மருந்துதான், விலையும் குறைவு. பெனிடாயின் என்பது அதன் மூலப்பெயர். மூளைக்கட்டிக்காரர்களுக்கு அதில் சில சிக்கல்கள் உண்டு. கல்லீரலை வேகமாக வேலை செய்யவைத்து, டெக்ஸாமெத்தசோனையும் சில கீமோ மருந்துகளையும் சீக்கிரம் கரைத்துவிடும். அளவு சற்றுக் கூடினாலே நடை தள்ளாடும், கண் அலைபாயும், பேச்சு குழறும். குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். நாள்பட்டால் ஈறு தடித்து வளரும், எலும்பு பலம் குறையும். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இதற்கு உண்டு. வயிற்றெரிச்சலுக்கு வாங்கும் ஜெலுசில் வகை மருந்தை இதோடு சேர்த்துப் போடாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

வால்பராயேட் என்கிற இன்னொரு பிட்ஸ் மருந்து போடுகிறவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணு குறையலாம். டெமோசோலோமைடு என்கிற கீமோ மாத்திரையும் அதைக் குறைக்கும் என்பதால், இரண்டும் ஓடும்போது ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெனிடாயின், கார்பமசெபின், லாமோட்ரிஜின் ஆரம்பித்த முதல் வாரங்களில் உடம்பில் சிவந்த தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தானாக நிறுத்தாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதற்கு விலக்கு இது ஒன்றுதான்: அடுத்த வேளையைப் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

விலை கட்டுப்படியாகவில்லை. வேறு கம்பெனி மாத்திரை போடலாமா?

அரசு மருத்துவமனையில் பார்ப்பவர்கள் முதலில் அங்கேயே மருந்தகத்தில் கேளுங்கள். பிட்ஸ் மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். வெளியில் வாங்கினால் மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025ல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை குறைவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷன் போன்ற உள்நோயாளி சிகிச்சைகளுக்குத்தான். மாதாமாதம் வாங்குகிற மாத்திரைக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் மலிவு மாத்திரையும் வேலை செய்யும். ஆனால் மாதம் ஒரு கம்பெனி என்று தாவ வேண்டாம். பெனிடாயினில் சின்ன வித்தியாசமே ரத்த அளவை மாற்றிவிடும். எது தொடர்ந்து கிடைக்குமோ அதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போகலாமா? விரதம், நோன்பு இருக்கலாமா?

போகலாம். ராத்திரி முழுக்க முழித்திருப்பதுதான் பிரச்சினை. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று சாயங்காலம் தல்லாகுளத்தில் இடம் பிடித்தால், அழகர் வைகையில் இறங்கி முடியும்வரை யாரும் கண் அசருவதில்லை. தூக்கக் கேடு வலிப்பைத் தூண்டுவதில் முதல் ரகம். அதோடு கூட்டம், வெயில், இரவு மாத்திரை வீட்டு அலமாரியில். எதிர்சேவையைச் சாயங்காலமே பார்த்துவிட்டு, எட்டு மணி மாத்திரையைப் போட்டுத் தூங்கி எழுந்து, ஆற்றில் இறங்குவதை டிவியில் பாருங்கள் என்பேன். முறைப்பார்கள். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். பழனி பாதயாத்திரை என்றால் தனியாக நடக்காதீர்கள், மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும்.

ரமலான் நோன்பு வைக்க விரும்புகிறவர்கள் மாதம் பிறப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சஹர், இஃப்தார் நேரத்துக்கு வேளையை மாற்ற முடியுமா, ஒரு வேளை மட்டும் போடும் நீடித்த வகை சரிப்படுமா என்று அவர் பார்ப்பார். மாத்திரையைத் தவறவிட்டு நோன்பு வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு.

சாராயம், பீர் எல்லாம் வேண்டாம். இதற்கு விளக்கம் எதற்கு?

நாட்டு மருந்து சேர்த்துச் சாப்பிடலாமா?

சேர்ப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள். 'இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் எங்கள் மருந்து கேட்கும்' என்று சொல்கிற ஆளிடம் போகாதீர்கள். பெயர் இல்லாத பொட்டலத்தில் வருகிற வலிப்புப் பொடிகள் சிலவற்றில் பீனோபார்பிட்டோன் என்கிற இங்கிலீஷ் மருந்தே கலந்திருந்ததைப் பரிசோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று: காய்ச்சல், உடம்புவலி என்று கடையில் நேரடியாக மாத்திரை வாங்கும்போது பிட்ஸ் மாத்திரை போடுவதைச் சொல்லுங்கள். டிராமடால் என்கிற வலி மாத்திரை, சிப்ரோபிளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் போன்றவை வலிப்பைத் தூண்டலாம்.

வண்டி ஓட்டலாமா? கிணற்றில் குளிக்கலாமா?

ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1ல் வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா என்று கேள்வியே இருக்கிறது. இங்கே சட்டம் கறாரானது. டாக்டரிடம் மறைக்காமல் பேசுங்கள். ஷேர் ஆட்டோவில் போவது மானக்கேடு இல்லை.

கிணறு, கண்மாய், ஆறு எதிலும் தனியாக இறங்கவே கூடாது. தென்னை ஏறுவது, மோட்டார் பெல்ட் பக்கம் நிற்பது, விறகடுப்பில் தனியாகச் சமைப்பது எல்லாம் இதோடு சேர்த்தி. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தினால் போதும்.

ஒழுங்காக மாத்திரை போட்டும் வலிப்பு வந்துவிட்டது. மருந்து பலிக்கவில்லையா?

அப்படி உடனே முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், தூக்கமின்மை, ரத்தத்தில் சோடியம் குறைவு, மூளை வீக்கம் என்று காரணம் பல. கட்டி வளர்ந்திருக்கவும் கூடும். அதனால்தான் புதிதாக வலிப்பு வந்தாலோ, வருகிற விதம் மாறினாலோ ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். உடம்பு முழுக்க வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு இல்லை. ஒரு கை துடிப்பது, பேச்சு சில நிமிடம் நின்றுபோவது, இல்லாத நாற்றம் அடிப்பது எல்லாமும் கணக்கில் வரும். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள்.

வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. அதைத் தேடி ஓடுகிற நேரத்தில் தலை தரையில் மோதும். வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கை காலை அமுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. மிடசோலம் மூக்கு ஸ்பிரே எழுதித் தந்திருந்தால் டாக்டர் சொன்ன நேரத்தில் அடியுங்கள்.

குழந்தை பெற்றுக்கொள்ளும் வயது. மாத்திரை பாதிக்குமா?

வால்பராயேட் கருவைப் பாதிக்கும். கர்ப்பம் ஆவதற்கு முன்பே மாற்ற வேண்டும். லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. நாள் தள்ளிப்போனது தெரிந்து பயந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். பெனிடாயின், கார்பமசெபின் போடுகிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிறுத்தலாமா?

சாதாரண வலிப்பு நோயில் 2 வருஷம் என்பது பேச்சைத் தொடங்கும் கணக்கு. மூளைக்கட்டியில் அது மட்டும் போதாது. மெனிஞ்சியோமாவை முழுசாக எடுத்து, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறவருக்கு ஒரு பதில். கொஞ்சம் மிச்சமிருந்து, ஆறு மாதத்துக்கொரு தடவை எம்ஆர்ஐ பார்க்கிற கிளையோமாக்காரருக்கு வேறு பதில். இஇஜி என்கிற மூளை மின்அலைப் பரிசோதனை நார்மல் என்பதை மட்டும் வைத்து நிறுத்த முடியாது. தினமும் லேத் பட்டறையில் நிற்கிறவருக்கு ஒரே ஒரு வலிப்பு வந்தாலும் விரல் போகலாம். அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. மறதியாலும் தூக்கக் கலக்கத்தாலும் படிக்க முடியாமல் தவிக்கிற மாணவி நிறுத்திப் பார்க்க ஆசைப்படுவதும் நியாயம்தான். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். நிறுத்துவதென்று முடிவானால் குறைக்கும் அட்டவணையை எழுதி வாங்குங்கள். குறைக்கிற மாதங்களில் வண்டியைத் தொடாதீர்கள்.

மாத்திரையை விழுங்க முடியவில்லை.

லெவெடிராசிட்டம் சிரப்பாகக் கிடைக்கிறது. சாதாரண வகையைப் பொடித்தும் கொடுக்கலாம். நீடித்து வேலை செய்யும் வகையைப் பொடிக்கக் கூடாது. மூக்குக் குழாய் வழியாகப் பெனிடாயின் கொடுத்தால் கஞ்சி, பால் கொடுக்கும் நேரத்தோடு இடைவெளி வேண்டும். வியாதி முற்றி வாய்வழியாக எதுவும் இறங்காத கட்டத்திலும் வலிப்பை அடக்க ஊசி, ஸ்பிரே என்று வழிகள் உண்டு. வலிநிவாரணப் பிரிவு டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மாத்திரை இன்றோடு தீர்ந்துவிட்டது. ஓபி நாள் இன்னும் வரவில்லை. சீட்டு ஊரில் இருக்கிறது.

இவை சீட்டுக்குத்தான் தரவேண்டிய மருந்துகள். அதனால் கடைசிச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். அட்டையில் ஒரு வாரத்துக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போதே வாங்கக் கிளம்புங்கள். பொங்கல், தீபாவளி சமயத்தில் இன்னும் முன்னதாக. கையில் எதுவுமே இல்லாமல் ராத்திரியில் தீர்ந்துபோனால், விடியட்டும் என்று ஊரில் உட்கார்ந்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனை அவசரச் சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். காலி அட்டையைக் காட்டி, 'தலையில் கட்டி ஆபரேஷன் ஆனவர், பிட்ஸ் மாத்திரை தீர்ந்துபோச்சு' என்று சொல்லுங்கள்.